மூக்குக்கு மேல் கோபம்: தீராத சைனஸ் தொற்றும் குழந்தையின் நடத்தையும்

"அவனுக்கு சைனஸ் இருக்கு" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். உண்மையில் சைனஸ் எல்லோருக்கும் இருக்கிறது. அது நோயின் பெயர் அல்ல, முகத்து எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளின் பெயர். அந்த அறைகளில் வரும் வீக்கமும் தொற்றும்தான் நோய். பெயரில் தொடங்கும் இந்தக் குழப்பம் பெயரோடு நிற்பதில்லை. பச்சைச் சளி என்றால் ஆன்டிபயாடிக், தலைவலி என்றால் சைனஸ், பிள்ளை கத்தினால் வளர்ப்பு சரியில்லை என்று கேட்டவர்களெல்லாம் ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அந்தக் கடைசித் தீர்ப்பைப் பற்றித்தான் எழுத வந்தேன். மாதக்கணக்கில் மூக்கடைத்துக் கிடக்கும் குழந்தை ஏன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறது, ஏன் கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஏன் ஓரிடத்தில் உட்காருவதில்லை என்பதற்கு உடம்புக்குள்ளேயே காரணங்கள் இருக்கலாம். நான் மருத்துவர் இல்லை. இதே சிக்கலோடு ஏறக்குறைய இரண்டு வருடம் அல்லாடிய ஒரு தாய். அப்போது யாராவது இதை வரிசையாக எடுத்துச் சொல்லியிருந்தால் என் பிள்ளை பல திட்டுகளிலிருந்து தப்பியிருப்பான்.

ஒரு காலை நேரம்

அப்போது அவனுக்கு ஆறு வயது. காலையில் சாக்ஸ் மாட்டும் நேரம்தான் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. சாக்ஸின் தையல் விரல் நுனியில் இடிக்கிறது என்பான். சரிசெய்து மாட்டிவிட்டால் இன்னொரு பக்கம் இடிக்கும். மூன்றாவது முறை சாக்ஸைக் கழற்றி எறிவான். அப்புறம் தரையில் படுத்து அழுகை. நான் கடிகாரத்தைப் பார்ப்பேன், குரல் உயரும், அவன் குரல் அதற்கும் மேலே போகும். "மூக்குக்கு மேல கோபம் வருது இவனுக்கு" என்று நானே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அதே பிள்ளை முந்தின இரவு எப்படித் தூங்கினான் என்று நான் யோசித்ததே இல்லை. வாய் திறந்திருக்கும். உதடு காய்ந்து வெடித்திருக்கும். தலையணையில் எச்சில் ஈரம். கழுத்தைப் பின்னால் வளைத்து, முகவாயை மேலே தூக்கிக்கொண்டு படுத்திருப்பான். குறட்டை ஏறி ஏறி வந்து திடீரென்று நிற்கும். இரண்டு நொடி, மூன்று நொடி. பிறகு ஒரு பெரிய மூச்சோடு புரண்டு படுப்பான். "நல்லா அசந்து தூங்குறான்" என்று நினைத்துக்கொண்டு போர்வையை இழுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அந்தக் காலையும் அந்த இரவும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள். நடுவில் இருக்கும் இணைப்பைப் புரிந்துகொள்ள மூக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சைனஸ் என்பது என்ன

ஓர் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் சுவர்களில் எப்போதும் லேசாக நீர் கசிந்துகொண்டிருக்கிறது. நீர் வெளியேற ஒரு சிறு துளை உண்டு. ஆனால் அந்தத் துளை தரையில் இல்லை, கூரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அறையில் நீர் தேங்காமல் இருக்க வேண்டுமென்றால் யாராவது அதை இடைவிடாமல் மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

கன்னத்து எலும்புக்குள் இருக்கும் சைனஸின் அமைப்பு ஏறக்குறைய இதுதான். கசியும் நீர் என்பது சளி. அதை மேலே தள்ளுவது சிலியா எனப்படும் மிக நுண்ணிய மயிரிழைகள். அறையின் உள்சுவர் முழுக்க இவை இருக்கின்றன. நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, சளியைத் துளையை நோக்கி நகர்த்துகின்றன. அங்கிருந்து அது மூக்குக்கும், மூக்கின் பின்பக்கமாகத் தொண்டைக்கும் போய்ச் சேர்கிறது. நாம் அறியாமலேயே விழுங்கிவிடுகிறோம். சளியை நாம் அழுக்காகவே பார்க்கிறோம். ஆனால் தூசியையும் கிருமியையும் ஒட்டிப் பிடித்து வெளியேற்றுவது அதுதான். அது ஓடிக்கொண்டிருக்கும் வரை பிரச்சினை இல்லை.

இந்த அறைகள் நான்கு ஜோடி. கன்னத்தில் ஒன்று, இரு கண்களுக்கு நடுவே ஒன்று, நெற்றியில் ஒன்று, மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் ஒன்று. பிறக்கும்போதே நான்கும் இருப்பதில்லை. கன்னத்து அறையும் கண்களுக்கு நடுவில் உள்ள அறையும் மட்டும் சிறிய அளவில் இருக்கும். ஆழத்தில் உள்ளது மூன்று வயதுக்கு மேல் மெல்ல உருவாகத் தொடங்கும். நெற்றி அறை ஏழெட்டு வயதில்தான் தெளிவாகத் தெரிய ஆரம்பித்து, பதின்ம வயது முழுக்க வளர்கிறது. ஆகவே நான்கு வயதுக் குழந்தை நெற்றியைப் பிடித்துக்கொண்டு அழுதால் "நெற்றியில சைனஸ்" என்று சொல்வதற்கில்லை. அந்த வயதில் அங்கே அந்த அறையே சொல்லிக்கொள்ளும்படி இருக்காது.

சுருக்கமாக: சைனஸ் என்பது காற்றறை. அதன் வாசல் சிறியது, கன்னத்து அறைக்கு அது மேலேயும் இருக்கிறது. சளி ஓடினால் நலம், தேங்கினால் தொல்லை.

சளி எப்போது தொற்றாகிறது

ஜலதோஷம் வரும்போது மூக்கின் உள்சுவர் வீங்குகிறது. சில மில்லிமீட்டர் அகலமே உள்ள வாசல் அந்த வீக்கத்தில் அடைபட்டுவிடும். சிலியாவும் சோர்ந்துபோகிறது. தேங்கிய சளியில் பாக்டீரியா பெருக வசதியாகிவிடுகிறது. சைனஸ் தொற்று என்பது இதுதான்.

ஆனால் எல்லா ஜலதோஷமும் இந்த நிலைக்குப் போவதில்லை. சின்னக் குழந்தைகளுக்கு வருடத்துக்கு ஆறு முதல் எட்டு முறை ஜலதோஷம் வருவது இயல்பு. பெரும்பாலானவை பத்து நாளுக்குள் தணியத் தொடங்கும். மூக்கொழுகலோ பகலிலும் வரும் இருமலோ பத்து நாளைத் தாண்டியும் கொஞ்சமும் குறையாமல் இருந்தால், சற்றுத் தேறிவந்த குழந்தைக்கு மறுபடியும் காய்ச்சலோ சளியோ கூடினால், அல்லது தொடக்கத்திலேயே 39 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சலும் கெட்டியான சளியும் மூன்று நாள் தொடர்ந்தால், பாக்டீரியா தொற்றாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் யோசிக்கிறார்கள்.

சளியின் நிறம் இதற்குச் சாட்சி ஆகாது. பச்சை நிறம் வருவது கிருமியால் அல்ல. கிருமியோடு போராட வரும் வெள்ளணுக்களுக்குள் பச்சை நிறமுள்ள ஒரு நொதி இருக்கிறது, சாதாரண வைரஸ் ஜலதோஷத்திலும் மூன்று நான்கு நாளில் அதனால் சளி பச்சையாகும். எக்ஸ்ரேயும் அதிகம் உதவாது. வெறும் ஜலதோஷம் உள்ள குழந்தைக்குப் படம் எடுத்தாலும் சைனஸ் மங்கலாகத்தான் தெரியும்.

மூக்கடைப்பு, சளி, இருமல், முகத்தில் அழுத்தம் ஆகியவை 12 வாரம், அதாவது மூன்று மாதம், முழுதாக நீங்காமல் தொடர்ந்தால்தான் அதை நாள்பட்ட சைனஸ் அழற்சி என்கிறார்கள். அழற்சி என்றால் வீக்கம், சிவப்பு, கசிவு எல்லாம் சேர்ந்த உடம்பின் எதிர்வினை. இங்கே கவனிக்க வேண்டிய வார்த்தை "முழுதாக நீங்காமல்". அடுத்தடுத்து நான்கு ஜலதோஷம் வந்து, நடுவில் ஒரு வாரம் மூக்கு நன்றாக இருந்தால், அது வேறு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால் இந்த வித்தியாசத்தைப் பெற்றோர் சரியாகச் சொல்வது மருத்துவருக்குப் பெரிய உதவி.

குழந்தைகளில் இந்தத் தொல்லை நீடிப்பதற்குப் பெரும்பாலும் அடினாய்டும் ஒரு காரணம். மூக்குக்குப் பின்னால், தொண்டையின் கூரையில் இருக்கும் திசுத் திரட்சி அது. டான்சிலுக்கு உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று முதல் ஏழு வயதுக்குள் அது பெரிதாக இருக்கும், பிறகு தானே சுருங்கும். பெரிதானால் மூக்கின் பின்வாசலை அடைக்கும். பெரிதாகாவிட்டாலும் கிருமிகள் கூட்டமாகப் படிந்து தங்கும் இடமாகிவிடும். மருந்து கொடுக்கும்போது அடங்கி, நிறுத்தினதும் திரும்பி வருவதற்கு இது ஒரு விளக்கம். அலர்ஜி, வீட்டில் யாராவது புகைப்பது, ஆஸ்துமா ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். அபூர்வமாக நோய் எதிர்ப்புச் சக்திக் குறைபாடோ சிலியாவின் பிறவிக் கோளாறோ இருக்கலாம். எத்தனை வைத்தியம் செய்தும் தீராதபோது மருத்துவர் அவற்றைத் தேடுவார்.

சுருக்கமாக: பத்து நாள் வரை பெரும்பாலும் ஜலதோஷம். மூன்று மாதம் நீங்காமல் இருந்தால் நாள்பட்டது. நிறத்தை அல்ல, நாளை எண்ணுங்கள்.

சொல்லத் தெரியாத தொல்லை

பெரியவர்கள் "முகமெல்லாம் கனக்குது" என்று சொல்லிவிடுவோம். குழந்தைக்கு அந்த வார்த்தை இல்லை. அதைவிட முக்கியம், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நாள் எதுவும் நினைவில் இல்லை. மூன்று வயதிலிருந்து மூக்கடைத்திருக்கும் பிள்ளைக்கு அதுதான் உலகம். செருப்புக்குள் ஒரு சின்னக் கல்லோடு நடக்கப் பழகிய பிள்ளை, கல் இருக்கிறது என்று சொல்லாது. நடக்க மாட்டேன் என்றுதான் சொல்லும்.

அதனால்தான் குழந்தைகளில் நாள்பட்ட சைனஸ் தொற்று தலைவலியாக வெளியே வருவது குறைவு. இரவில் படுத்ததும் வரும் இருமல், வாய் நாற்றம், வாயால் மூச்சு, காலையில் குமட்டல், சாப்பாட்டில் ஆர்வமின்மை, சிடுசிடுப்பு என்றுதான் வரும். சாப்பாட்டு விஷயம் எளிது. மணம் தெரியாவிட்டால் ருசியும் பாதி போய்விடும், விழுங்கிய சளி வயிற்றைப் புரட்டும், வாயால் மூச்சு விட்டுக்கொண்டே மெல்லுவதும் கஷ்டம். மருத்துவர்கள் இந்தக் குழந்தைகளின் நிலையை அளக்க ஐந்தே கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை 2003 முதல் பயன்படுத்துகிறார்கள். அந்த ஐந்தில் ஒன்று முழுக்க மனநிலையைப் பற்றியது. எரிச்சல், சோகம், நிலைகொள்ளாமை, தூக்கக்குறைவு எல்லாம் அதில் வருகின்றன. ஆக, நோயை அளப்பவர்களே நடத்தையையும் நோயின் ஒரு பகுதியாகக் கணக்கில் எடுக்கிறார்கள்.

மூக்கிலிருந்து நடத்தைக்குப் போகும் வழிகள்

முதல் வழி தூக்கம். இதுதான் பெரிய வழி என்று நான் நம்புகிறேன்.

படுக்கும்போது தலைப்பகுதியில் ரத்தம் கூடுதலாகத் தேங்குவதால் மூக்கின் உள்சுவர் இன்னும் வீங்கும். பகலில் பாதி அடைத்திருந்த மூக்கு இரவில் முழுதாக அடைக்கும். பின்னால் அடினாய்டும் பெரிதாக இருந்தால் காற்று போகும் பாதை மிகக் குறுகிவிடும். மூச்சுக்குத் திணறும் ஒவ்வொரு முறையும் மூளை சில நொடிகள் விழித்துப் பாதையைத் திறக்கிறது. குழந்தைக்கு அது நினைவிருக்காது. எட்டு மணி நேரமும் கண் மூடியே இருக்கும். ஆனால் தூக்கம் துண்டுதுண்டாகக் கிழிந்திருக்கும். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். படுக்கையில் கிடந்த நேரம் இந்தக் கணக்கில் வராது, உண்மையில் தூங்கிய நேரம்தான் வரும்.

தூக்கம் கெட்டால் பெரியவர்கள் தூங்கி வழிவோம். குழந்தைகள் பெரும்பாலும் நேர்மாறு. அரக்கப்பரக்க ஓடுவார்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள், சின்ன ஏமாற்றத்துக்குப் பெரிதாக வெடிப்பார்கள். ஆசையை அடக்கிக் காத்திருப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, கோபத்தை விழுங்குவது ஆகியவற்றைச் செய்யும் மூளைப் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. குழந்தைகளிடம் அது இன்னும் முதிராதது, தூக்கக்குறைவில் முதலில் தள்ளாடுவதும் அதுதான். இப்போது சாக்ஸைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். தையல் இடிப்பது என்னவோ உண்மைதான். நன்றாகத் தூங்கிய பிள்ளை அதைப் பொறுத்துக்கொண்டு ஓடிவிடும். என் பிள்ளையிடம் காலை ஏழு மணிக்கே அந்தப் பொறுமை மிச்சமில்லை.

இரண்டாவது வழி காது. இதைப் பலர் கவனிப்பதில்லை. நடுக்காதையும் மூக்கின் பின்பக்கத்தையும் ஒரு குழாய் இணைக்கிறது. அதன் வாய் அடினாய்டுக்குப் பக்கத்திலேயே திறக்கிறது. அங்கே வீக்கம் இருந்தால் குழாய் அடைபட்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். வலியே இருக்காது. ஆனால் கேட்கும் திறன் சுமார் 20 முதல் 30 டெசிபெல் குறையலாம். இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு, பக்கத்து அறையிலிருந்து யாராவது பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். குரல் வருவது தெரியும், வார்த்தை பிடிபடாது. "மூணு தடவை கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கலை" என்று நாம் கோபப்படும் பிள்ளை, மூன்று தடவையும் சரியாகக் கேட்காத பிள்ளையாக இருக்கலாம். இதில் இன்னொரு சங்கடம், அது நாளுக்கு நாள் மாறும். நேற்று கேட்டது இன்று கேட்காது. அதனால் "வேணும்னேதான் செய்யறான்" என்று உறுதியாகத் தோன்றும். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தால் பாடத்தில் பாதி போய்விடும். போனது தெரியாமல் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்து எழுதும், அதற்கும் திட்டு வாங்கும். காது பரிசோதனை சிறிய வேலை. அதைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது வழி, அழற்சியே நேராக மனநிலையைத் தொடுவது. தொற்றோடு போராடும்போது உடம்பு சைட்டோகைன் எனப்படும் செய்தி மூலக்கூறுகளைச் சுரக்கிறது. அவை மூளைக்கும் தகவல் அனுப்புகின்றன: ஒதுங்கிப் படு, விளையாடாதே, சாப்பிடாதே, யாரையும் பக்கத்தில் விடாதே. காய்ச்சல் நாளில் நமக்கு யாரோடும் பேசப் பிடிக்காததற்குக் காரணம் இதுவே. விலங்குகளிடமும் இது உண்டு. உடம்பு சக்தியைச் சேமித்துக்கொள்ளும் ஏற்பாடு என்று 1980களிலிருந்து ஆய்வாளர்கள் விளக்கி வருகிறார்கள். மூன்று நாள் காய்ச்சலுக்கு இது நல்ல ஏற்பாடு. மாதக்கணக்கில் லேசாக எரிந்துகொண்டே இருக்கும் தொற்றிலும் இதன் மெல்லிய சாயல் இருக்கலாம். ஆனால் அதை யாரும் நோயாகப் பார்ப்பதில்லை, சுபாவமாகப் பார்க்கிறார்கள்.

சுருக்கமாக: கிழிந்த தூக்கம், மங்கிய காது, போராடிக் களைத்த உடம்பு. பிள்ளையின் பிடிவாதத்துக்குப் பின்னால் இந்த மூன்றில் எது இருக்கிறது என்று பார்ப்பது முதல் வேலை.

மருந்தும் காரணமாகலாம்

மூக்கடைப்பைத் திறக்கும் சில வாய்வழி மருந்துகள் குழந்தையைப் படபடப்பாக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். பழைய வகை அலர்ஜி மருந்துகள் தூக்கக் கலக்கத்தைத் தரும், சில குழந்தைகளுக்கு அதற்கு எதிராகத் துள்ளலைத் தரும். வாய்வழி ஸ்டீராய்டு எடுக்கும் நாட்களில் பசியும் கோபமும் ஏறுவதைப் பல பெற்றோர் பார்த்திருப்பீர்கள். அலர்ஜிக்கும் ஆஸ்துமாவுக்கும் தரப்படும் மான்டிலுகாஸ்ட் என்ற மருந்து விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கெட்ட கனவு, கொந்தளிப்பு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை சிலருக்கு வரலாம் என்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020ல் அதன் உறையில் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. பலருக்கு அது எந்தத் தொல்லையும் தராமல் உதவுகிறது என்பதும் உண்மை. புது மருந்து தொடங்கிய வாரத்தில் பிள்ளையின் குணம் மாறினால், தேதியைக் குறித்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்படியானால் எல்லாமே மூக்கினாலா?

இல்லை. இதில் நேர்மையாக இருக்க வேண்டும். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த ஏடிஎச்டி, பதற்றம், ஆட்டிசம், பள்ளியில் நடக்கும் சீண்டல், வீட்டில் நடக்கும் மாற்றம் என்று நடத்தைக்கு வேறு காரணங்கள் நிறைய. மூக்கடைப்பு உள்ள பிள்ளைக்கு இவையும் இருக்கலாம். மூக்கு சரியானதும் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்து, தேவையான வேறு உதவியைத் தள்ளிப்போடுவதும் பிழைதான்.

இதை நிதானமாகப் பார்க்க ஓர் ஆய்வு உதவும். சைனஸ் தொற்று பற்றியது அல்ல, ஆனால் பக்கத்து வீடு. தூக்கத்தில் மூச்சு தடைபடும் 5 முதல் 9 வயதுக் குழந்தைகள் 464 பேரை அமெரிக்காவில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடனே டான்சிலையும் அடினாய்டையும் எடுத்தார்கள், மற்றக் குழு காத்திருந்தது. 2013ல் வெளியான முடிவுப்படி, ஏழு மாதம் கழித்து அறுவை சிகிச்சை செய்த குழந்தைகளின் நடத்தையும் தூக்கமும் கூடுதலாகத் தேறியிருந்ததாகப் பெற்றோர் சொன்னார்கள். ஆனால் கவனத்தை அளக்கும் முறையான சோதனையில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம் பேரின் தூக்கப் பரிசோதனை இயல்பாகிவிட்டது. ஆக, மூச்சுப்பாதையைத் திறப்பது குணத்தை இலகுவாக்குகிறது. ஆனால் பிள்ளையை முற்றிலும் வேறு ஆளாக்கிவிடுவதில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்

முதலில் ஒரு நோட்டு. தினமும் மூன்று வரி போதும்: இரவு எப்படித் தூங்கினான், மூக்கு எப்படி இருந்தது, பகலில் எப்போது வெடித்தான். நான் மூன்று வாரம் எழுதினேன். சண்டைகள் நாள் முழுக்கப் பரவியிருப்பதாக நினைத்திருந்தேன். எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் காலை ஏழிலிருந்து எட்டுக்குள்ளும், மாலை ஆறுக்கு மேலும். குறட்டை அதிகமான இரவுக்கு மறுநாள் இரட்டிப்பு. அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் மருத்துவர் அடினாய்டைப் பற்றியே பேச ஆரம்பித்தார். கையோடு அவன் தூங்கும்போது எடுத்த ஒரு நிமிட வீடியோவையும் காட்டினேன். நாம் வாயால் எத்தனை சொன்னாலும் அந்தச் சத்தத்தைக் கேட்க வைப்பதுபோல ஆகாது.

அடுத்து, எதைக் கேட்பது, எதை விடுவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு எல்லையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடிக்கக் கூடாது, பொருளை எறியக் கூடாது என்பது மூக்கடைத்த நாளிலும் செல்லும். எல்லை இல்லாத வீட்டில் களைத்த குழந்தை இன்னும் பயப்படும். ஆனால் அன்றைக்கே போர்வை மடிப்பு, அன்றைக்கே எழுத்துப் பயிற்சி என்று பத்து விஷயத்தில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கெட்ட இரவுக்கு மறுநாள் கேட்பதைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். உடையை முந்தின இரவே பிள்ளையே தேர்ந்தெடுத்து வைக்கட்டும். வேலையை மாற்றச் சொல்வதற்கு ஐந்து நிமிடம் முன்னால் சொல்லிவையுங்கள். பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, முகம் பார்த்துப் பேசுங்கள். காதில் நீர் இருந்தால் இது ஒன்றே பாதிச் சண்டையைக் குறைக்கும்.

பிள்ளைக்கு வார்த்தையும் கொடுக்க வேண்டும். "கெட்ட பையன்" என்பதற்குப் பதில் "மூக்கு ராத்திரி உன்னைத் தூங்க விடலை, அதான் இன்னிக்கு எல்லாம் கஷ்டமா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். சில வாரத்தில் என் மகனே வந்து "அம்மா, இன்னிக்கு என் மூக்கு கோபமா இருக்கு" என்றான். அழுகைக்கு முன்னால் வந்த முதல் வார்த்தை அது. ஆசிரியரிடமும் இதே விஷயத்தை இரண்டு வரியில் எழுதிக் கொடுத்து, முன் வரிசையில் இடம் கேளுங்கள்.

மூக்கு கழுவுவது எளிய, நல்ல உதவி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் என்ற அளவில் உப்பு கலந்த நீர், அல்லது கடையில் கிடைக்கும் உப்புநீர் ஸ்ப்ரே. வீட்டில் தயாரித்தால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் மட்டுமே. குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்குக்குள் விட்டால் மூளையைத் தாக்கும் அமீபா புகும் ஆபத்து உண்டு. அபூர்வம்தான், ஆனால் உயிர்போகும் நோய். குழந்தை முன்பக்கம் குனிந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கட்டும். கையைப் பிடித்து அமுக்கிச் செய்தால் மறுநாள் பாத்திரத்தைப் பார்த்ததும் ஓடும். முதல் வாரம் பாட்டிலை அவன் கையில் கொடுத்து, பொம்மைக்கு மூக்கு கழுவ விட்டேன். கொதிநீரில் ஆவி பிடிக்க வைக்காதீர்கள். நன்மை பெரிதாக இல்லை, கொதிநீர் கொட்டி வெந்துபோகும் குழந்தைகள் உண்டு. வீட்டுக்குள் யாரும் புகைக்காமல் இருப்பது இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது.

மருத்துவரிடம் போகும்போது

எதிர்பார்க்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூக்குக்குள் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே பலன் தர வாரக்கணக்கில் ஆகும். இரண்டு நாளில் குறையவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். ஸ்ப்ரேயின் நுனி மூக்கின் நடுச்சுவரை நோக்காமல் வெளிப்பக்கம் நோக்கி இருக்க வேண்டும். உடனடியாக மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்து வேறு வகை. அதைச் சில நாளுக்கு மேல் விட்டால் அடைப்பு முன்பைவிட அதிகமாகத் திரும்பும். ஆன்டிபயாடிக் எல்லா முறையும் தேவைப்படாது. கொடுத்தால் சொன்ன நாள் வரை கொடுங்கள், மிச்சத்தை அடுத்த ஜலதோஷத்துக்கு எடுத்து வைக்க வேண்டாம். இதெல்லாம் போதாதபோது அடினாய்டை எடுப்பது பற்றிப் பேச்சு வரும். நாள்பட்ட தொற்றுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது நன்றாக உதவுகிறது.

சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. கண்ணைச் சுற்றி வீக்கம் அல்லது சிவப்பு, இரட்டைப் பார்வை, நெற்றியில் வீக்கம், கடும் தலைவலியோடு வாந்தி, கழுத்தை வளைக்க முடியாமை, எழுப்பினாலும் தெளியாத மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த நிமிடமே மருத்துவமனை. ஒரே ஒரு துவாரத்தில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் அது சைனஸாக இல்லாமல், உள்ளே தள்ளிக்கொண்ட மணியாகவோ பஞ்சாகவோ இருக்கலாம். பொத்தான் பேட்டரியாக இருக்கும் என்ற சந்தேகம் இருந்தாலும் அதே அவசரம்.

என் மகனுக்குக் கடைசியில் அடினாய்டை எடுத்தோம். தொண்டைப் புண் ஆறிய பிறகு ஒரு நள்ளிரவில் வீடு அத்தனை அமைதியாக இருந்ததில் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். வாய் மூடியிருந்தது, மார்பு சீராக ஏறி இறங்கியது. சரி, இனி காலைகள் சுலபமாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இரண்டு வருடப் பழக்கம் அவனிடமும் இருந்தது, என்னிடமும் இருந்தது. சாக்ஸைப் பார்த்ததுமே அவன் முகம் இறுகும், என் குரல் தயாராகும். பகல் குணம் நன்றாகத் தெரியும்படி மாற ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆயிற்று. அப்புறம் ஒரு நாள் நான் கூப்பிடுவதற்கு முன்பே சாக்ஸும் ஷூவும் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். தையல் இடிக்கலையா என்று கேட்டேன்.

"இடிக்குது. பரவாயில்லம்மா" என்றான்.